கப்பலேறிப் போன முன்னோரின் ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலோ மொரீசியஸிலோ பிஜியிலோ ரீயூனியனிலோ பிறந்த ஒருவர், நான்கைந்து தலைமுறைக்குப் பிறகு, தம் பூட்டன் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தேடத் தொடங்கும்போது பெரும்பாலும் அவர் கையில் இருப்பது ஒரு பெயர் மட்டுமே. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டே தேடுவதால்தான் பலர் ஆறு மாதத்தில் சலித்துப்போய்க் கைவிடுகிறார்கள். 1860க்கும் 1911க்கும் இடையில் நேட்டாலுக்கு மட்டும் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். அந்தக் கூட்டத்தில் முனுசாமி, வீராசாமி, முனியம்மாள் என்ற பெயர்கள் எத்தனை முறை வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே தனி ஆளைத் தேடுவதை விட்டு, அவர் யாரோடு புறப்பட்டார், யாரோடு ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வாழ்ந்தார், யார் வீட்டில் சம்பந்தம் செய்தார் என்று அவரைச் சுற்றியிருந்த கூட்டத்தைத் தேடுவதே பலன் தரும் முறை. கீழே சொல்லப்படுபவை எல்லாம் அந்த ஒரு முறையின் படிகள்தாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் முன்னோர் எந்த ஏற்பாட்டின் கீழ் சென்றார் என்பது. மொரீசியஸ், நேட்டால், பிஜி, கயானா, ரீயூனியன், மார்ட்டினிக், குவாதலூப் ஆகிய இடங்களுக்குச் சென்றவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துச் சென்றவர்கள். அரசாங்கம் அவர்களை ஒவ்வொருவராகப் பதிவு செய்தது. எனவே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருந்தது. இலங்கைக்கும், பெரும்பகுதி மலாயாவுக்கும் சென்றவர்கள் கங்காணி என்னும் ஆள்சேர்க்கும் மேற்பார்வையாளரின் பின்னால் சென்றவர்கள். அவர்களைத் தனித்தனியே பதிந்த கப்பல் பட்டியலை எதிர்பார்க்கக் கூடாது. வணிகத்துக்காகத் தாமே பயணச்சீட்டு வாங்கிச் சென்றவர்கள் மூன்றாம் வகை. அவர்கள் கூலிப் பட்டியல் எதிலும் இருக்கமாட்டார்கள். வகை தெரியாமல் தேடினால், இல்லாத பட்டியலில் இல்லாத பெயரைத் தேடி வருடங்களைத் தொலைக்க நேரும்.

வீட்டிலிருந்து தொடங்குவது

ஆவணக் காப்பகத்துக்குக் கடிதம் எழுதுவதற்கு முன் குடும்பத்திலுள்ள மூத்தவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், உட்கார்ந்து பேசிவிட வேண்டும். “நம்ம ஊர் எது?” என்று கேட்டால் “மெட்ராஸ்” என்ற பதில்தான் வரும், கப்பல் புறப்பட்ட இடம் சொந்த ஊராகவே மனத்தில் பதிந்துவிட்டது. அதைவிடப் பயனுள்ள கேள்விகள் உள்ளன. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை போகும்? இரத்த உறவு இல்லாமலே சித்தப்பா, மாமா என்று யாரை அழைத்தீர்கள்? வீட்டில் எந்தச் சாமிக்குப் படையல் போடுவீர்கள், எந்த மாதத்தில், அசைவமா சைவமா? துக்க வீட்டில் யார் முன்னால் நின்றார்கள்? ஒரே கப்பலில் வந்தவர்கள் தங்களுக்குள் உடன்பிறந்தார் போலப் பழகி, பிள்ளைகளுக்குள் மணம் செய்வதைக்கூடத் தவிர்த்த குடும்பங்கள் உண்டு. ஆகவே காரணம் தெரியாத ஒரு “சித்தப்பா” பெரும்பாலும் அதே கப்பலில் வந்தவராக இருக்க வாய்ப்புண்டு. அவர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெட்டியடியில் கிடக்கும் காகிதங்களில் பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றுகளை முதலில் எடுங்கள். நேட்டாலிலும் மொரீசியஸிலும் பழைய திருமணப் பதிவுகளில் மணமக்களின் அல்லது பெற்றோரின் குடியேற்ற எண் எழுதப்பட்டிருப்பது வழக்கம். அடுத்து ஊரிலிருந்து வந்த கடிதங்கள், மணியார்டர் ரசீதுகள். அவற்றில் எழுதியிருப்பது படிக்க முடியாமல் போனாலும் அஞ்சல் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். கடிதம் போடப்பட்ட அஞ்சலகத்தின் பெயர் தெரிந்தால், அதைச் சுற்றியுள்ள சில கிராமங்களுக்குள் தேடல் அடங்கிவிடும்.

எண்ணும், அதன் முன்னும் பின்னும் உள்ள எண்களும்

எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நேட்டால் கப்பல் பட்டியல்கள் இன்றைய குவாசுலு-நட்டால் மாகாணத்தின் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. கணினியில் ஏற்றப்பட்ட வடிவம் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கிடைக்கிறது. மொரீசியஸின் குடியேற்றப் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1860களிலிருந்து குடியேறிகளைப் படம் பிடித்து வைத்தார்கள் என்பதால், அதிர்ஷ்டம் இருந்தால் பூட்டனின் முகத்தையே பார்க்கலாம். பிஜியின் கிர்மிட், அதாவது ஒப்பந்தக் கூலிக் கடவுச்சீட்டுகள் சுவா தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 1879 முதல் 1916 வரை அங்கே சென்ற 60,000க்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் 1903க்குப் பிறகு சென்னையிலிருந்து ஏறியவர்கள் ஆதலால், தமிழ்க் குடும்பங்கள் 1903க்கு முந்திய கப்பல்களில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் பிரெஞ்சுத் தீவுகளுக்குச் சென்றவர்களுக்கு, பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகம் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. ரீயூனியனின் சான்-தெனி நகரிலும் மாவட்ட ஆவணக் காப்பகம் உண்டு.

பலர் முதலில் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஓடுகிறார்கள். அங்கே குடியேற்றம் பற்றிய அரசாணைகளும் ஆண்டறிக்கைகளும் ஏராளமாக உள்ளன, ஆய்வாளருக்கு அது புதையல்தான்; ஆனால் ஒரு தனி மனிதரின் வரியைத் தேட வேண்டிய இடம் அவர் போய்ச் சேர்ந்த நாடே. எழும்பூரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேட்டால் பட்டியலின் ஒரு வரி எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். எண், பெயர், தந்தை பெயர், வயது 22, ஆண், சாதி, ஜில்லா “நார்த் ஆர்காட்”, தாலுகா “போலூர்”, ஊர், உயரம் அடியிலும் அங்குலத்திலும், அடையாளம், இடது கன்னத்தில் தழும்பு என்பது போல, கடைசியில் எந்தத் தோட்ட முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பது. இத்தனை செய்திகளில் வயதை நம்பவே கூடாது. பார்த்த மாத்திரத்தில் எழுத்தர் போட்ட கணக்கு அது. சாதிப் பத்தியையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும், ஏனென்றால் ஊரை விட்டுப் போகும்போது அதை மாற்றிச் சொன்னவர்களும் உண்டு, ஆள்பிடிக்கும் ஏஜெண்டு சொன்னதை எழுதிய எழுத்தர்களும் உண்டு. தந்தை பெயர், தாலுகா, தழும்பு ஆகிய மூன்றும் பெரும்பாலும் நம்பத்தக்கவை. பிஜி கடவுச்சீட்டில் ஆளைப் பதிவு செய்த மாவட்டமும் சொந்த மாவட்டமும் வேறாக இருக்கலாம். பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த இடத்தில் ஏஜெண்டிடம் சிக்கியவர்கள் ஏராளம். வேண்டியது சொந்த ஊர் எழுதப்பட்ட பத்தி.

இனிதான் முக்கியமான படி. உங்கள் ஆளின் எண்ணுக்கு முன்னாலும் பின்னாலும் உள்ள இருபது முப்பது வரிகளையும் முழுமையாகப் படியெடுங்கள். கப்பலேறுமுன் ஆட்களைத் தங்கவைத்த முகாமான டிப்போவில் வரிசையில் நின்றவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள் கொடுக்கப்பட்டன. ஒரே ஊரார், அண்ணன் தம்பி, மாமன் மருமகன் ஆகியோர் பெரும்பாலும் சேர்ந்தே நின்றார்கள். உங்கள் வரியில் ஊர்ப் பெயர் சிதைந்திருந்தால், மூன்று வரி தள்ளி அதே தாலுகாவைச் சேர்ந்த இன்னொருவரின் வரியில் அது தெளிவாக இருக்கக்கூடும். அதே முதலாளியிடம் அனுப்பப்பட்டவர்களையும் குறித்துக்கொண்டு, அவர்கள் பெயரை உங்கள் பாட்டி சொன்ன “சித்தப்பா, மாமா” பட்டியலோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஓரிடத்தில் பொருந்தினால், நீங்கள் பிடித்திருக்கும் வீராசாமி சரியான வீராசாமிதான்.

கணவன் மனைவி என்று பதிவான இருவரைப் பற்றி ஒரு சொல். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது கப்பலில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கணக்கை ஒப்பேற்றத் தனியாக வந்த பெண்களை டிப்போவிலேயே ஒருவருக்குத் துணையாகப் பதிந்ததுண்டு. கைம்பெண்களும் கணவனைப் பிரிந்தவர்களும் தாங்களாகவே துணை தேடிக்கொண்டதுமுண்டு. ஆகவே பூட்டனும் பூட்டியும் ஒரே ஊர், ஒரே சாதி என்று எண்ணிக்கொண்டு தேடாதீர்கள். இருவருக்கும் இரண்டு தனித் தேடல்கள் தேவை, பூட்டியின் தேடல்தான் பல சமயம் சுவையானது.

எழுத்தரின் காதும் இன்றைய வரைபடமும்

பட்டியலில் “ஜின்ஜி” என்றிருப்பது செஞ்சி, “வாண்டிவாஷ்” என்றிருப்பது வந்தவாசி, “அர்னி” என்றிருப்பது ஆரணி. இவை தெரிந்த ஊர்கள் என்பதால் சிக்கல் இல்லை. நாற்பது வீடுள்ள குப்பமும் பாளையமும்தான் தொல்லை. சிதைந்த பெயரை வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பார்த்து, அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலோடு ஒலியை வைத்து ஒப்பிட வேண்டும். ழகரம் லகரமாகவும் ரகரமாகவும், ஞகரம் நகரமாகவும் மாறியிருக்கும்; முதல் எழுத்து உயிரானால் விழுங்கப்பட்டே போயிருக்கும். இதைச் செய்யத் தமிழ் சரளமாகப் பேசும் ஒருவர் பக்கத்தில் இருப்பது எந்த மென்பொருளையும்விட மேல்.

மாவட்டங்கள் பிரிந்த கதையும் தெரிந்திருக்க வேண்டும். பழைய வட ஆர்க்காட்டின் ஒரு பகுதி 1911இல் சித்தூர் மாவட்டத்துக்குச் சென்றது. எனவே 1911க்கு முந்திய பட்டியலில் வட ஆர்க்காடு என்றிருந்தால், அந்த ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம், குடும்பம் தெலுங்கு பேசியதாகவும் இருக்கலாம். சித்தூரோடு போன திருத்தணி 1960இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. எஞ்சிய வட ஆர்க்காடு 1989இல் திருவண்ணாமலை, வேலூர் என்று பிரிந்து, 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. தென் ஆர்க்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என்றாகி, 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. பழைய சேலம் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் ஆகியவற்றையும் உள்ளடக்கியது. தாலுகா எல்லைகளும் மாறியிருக்கின்றன என்றாலும் தாலுகாத் தலைநகரின் பெயர் பெரும்பாலும் நிலைத்திருக்கிறது. அதை மையமாக வைத்துத் தேடுவது பாதுகாப்பு.

எண் இல்லாதவர்களுக்குக் கங்காணி

இலங்கை மலையகத்துக்கும் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் சென்ற குடும்பங்களுக்குக் கப்பல் பட்டியல் இல்லையே என்ற ஏக்கம் வேண்டாம். கங்காணி ஆள் சேர்த்தது பெரும்பாலும் தன் ஊரிலும் அதைச் சுற்றியும், தன் உறவிலும் தனக்குத் தெரிந்த குடும்பங்களிலும்தான். முன்பணம் கொடுத்து ஆளைக் கூட்டிப்போகும் ஏற்பாட்டில், திரும்ப வசூலிக்க முகவரி தெரிந்தவர்களிடமே அவர் போக முடியும். ஆகவே உங்கள் தோட்டத்தின் பெரிய கங்காணி எந்த ஊர்க்காரர் என்று கண்டுபிடித்தால், உங்கள் ஊர் அதற்கு அருகில் இருக்க வாய்ப்பு அதிகம். கங்காணி குடும்பங்கள் வசதியானவை, ஊருக்குப் போய்வந்தவை, கோவிலுக்குத் திருப்பணி செய்து கல்லில் பெயர் பொறித்துக்கொண்டவை. அவர்களின் நினைவு எளிதில் அழிவதில்லை. தோட்டத்து மாரியம்மன் கோவில் குடமுழுக்குக் கல்வெட்டை ஒருமுறை போய்ப் படியுங்கள்.

இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு வழி உண்டு, அது துயரத்தின் உபயம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான பிறகு, 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இலங்கைக் குடியுரிமைக்கும், 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியக் குடியுரிமைக்கும் குடும்பங்கள் விண்ணப்பித்தன. அந்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாகி, மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். விண்ணப்ப நகல்கள், இந்தியக் கடவுச்சீட்டு, தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டை ஆகியவற்றில் பூர்வீக ஊரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறிய குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் இவை இன்னும் இருக்கின்றன. ஈரமும் கரையானும் தின்பதற்கு முன் படமெடுத்து வைப்பது அவசரமான வேலை.

மலாயாவுக்குப் போனவர்கள் நாகப்பட்டினம், ஆவடி முகாம்களில் தங்கிக் கப்பலேறினார்கள். 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ரஜூலாக் கப்பலின் பெயர் பல வீடுகளில் இன்றும் நினைவிருக்கும். கப்பல் பெயரால் ஊர் தெரியாது, காலம் தெரியும். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தைத் தடை செய்ததால், கங்காணி வழியே போன குடும்பத்தின் வருகை அதற்கு முந்தியதாகவே இருக்க வேண்டும்.

குலதெய்வமும் மரபணுச் சோதனையும்

ஊர்ப் பெயரை மறந்த குடும்பமும் சாமியின் பெயரை மறப்பதில்லை. பங்காளிகள் ஆண்டுக்கொரு முறை கூடும் இடம் குலதெய்வக் கோவில் என்பதால், சாமியைக் கண்டுபிடித்தால் பங்காளிகளைக் கண்டுபிடித்த மாதிரிதான். மாரியம்மன், முனீஸ்வரன் போன்ற பொதுப்பெயர்களால் பயன் குறைவு. ஊர்ப் பெயர் ஒட்டியதோ, வேறெங்கும் கேள்விப்படாததோ ஆன பெயர் என்றால் பொன். நேட்டாலிலும் ரீயூனியனிலும் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி நடப்பதை வைத்து, அந்த வழிபாடு செழித்த செஞ்சிப் பகுதியே தம் ஊர் என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். தீவுகளில் ஆர்க்காட்டாரும் தஞ்சாவூராரும் தெலுங்கரும் ஒரே கோவிலில் கூடித் தீ மிதித்தார்கள். அந்நிய மண்ணில் தனித்துவிடப்பட்டவர்கள் ஒருவர் சாமியை ஒருவர் ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே பொதுக்கோவிலின் தெய்வத்தை விட்டுவிட்டு, வீட்டுக்குள் வைத்துப் படைக்கும் தெய்வத்தைக் கேளுங்கள்.

மரபணுச் சோதனையைப் பொறுத்தவரை, அதை முதல் படியாக வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. தமிழ்நாட்டுக் கிராமத்தார் மிகச் சிலரே சோதனை செய்திருக்கிறார்கள். தவிர, தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணம் முடித்த சமூகங்களில் தூரத்து உறவும் நெருங்கிய உறவாகக் கணக்கில் காட்டும். ஆவணம் சொன்னதைச் சரிபார்க்க மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

ஊருக்குள் போகும் முறை

தாலுகாவும் ஊரும் தெரிந்த பின் நேரே போய் இறங்கிவிடக் கூடாது. நூறு வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து “உங்கள் பங்காளி” என்று ஒருவர் காரில் வந்து இறங்கினால், ஊராருக்கு முதலில் தோன்றுவது நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறார் என்ற ஐயமே. ஆகவே முதல் பேச்சிலேயே, எவ்விதச் சொத்துரிமையும் கோரி வரவில்லை, பட்டா, பத்திரம் எதையும் பார்க்கத் தேவையில்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. உள்ளூர் ஆசிரியர், கோவில் தர்மகர்த்தா, பங்குத் தந்தை போன்ற ஒருவரை முன்கூட்டியே தொடர்புகொண்டு அவரோடு செல்லுங்கள். கப்பலேறியவர்களில் பலர் நிலமற்றவர்கள் என்பதால் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேடுகளில் அவர்கள் பெயரை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. கிறித்தவக் குடும்பமாக இருந்தால் மட்டும் பழைய ஞானஸ்நானப் பதிவேடு கைகொடுக்கலாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உங்கள் முன்னோர் சேரியிலிருந்து சென்றவரானால், ஊர்த்தெருவில் விசாரித்தால் “அப்படி யாரும் போகவில்லை” என்ற பதில்தான் கிடைக்கும். அங்குள்ளவர்களுக்கு உண்மையிலேயே தெரியாது. விசாரணையைச் சேரியிலேயே தொடங்குங்கள். உங்களை அழைத்துப்போகும் பெரியவர் அங்கே வரத் தயங்கினால் வேறொருவரைத் தேடிக்கொள்ளுங்கள்.

போகும் காலம் குலதெய்வக் கூடுகை நாளாக இருந்தால் ஒரே இடத்தில் எல்லாக் கிளைகளையும் சந்திக்கலாம். வட மாவட்டங்களில் மகா சிவராத்திரியும் அதையொட்டிய மயானக்கொள்ளையும், தெற்கே சாஸ்தா கோவில்களில் பங்குனி உத்திரமும், பல ஊர்களில் ஆடி மாதமும் அப்படிப்பட்ட நாட்கள். கையில் கப்பல் பட்டியலின் பெரிய எழுத்து நகலையும், அதன் தமிழ் வடிவத்தையும், அதே ஊரிலிருந்து அதே கப்பலில் ஏறிய மற்றவர்களின் பெயர்களையும் கொண்டு செல்லுங்கள். உங்கள் பூட்டனை யாருக்கும் தெரியாமல் போகலாம். ஆனால் “எங்க தாத்தாவோட அண்ணன் ஒருத்தர் கண்டிச் சீமைக்குப் போனாரோ நெட்டாலுக்குப் போனாரோ, திரும்பவே இல்ல” என்று அந்த மற்றவர்களில் ஒருவரைப் பற்றி ஒரு கிழவி சொல்லத் தொடங்குவார். அங்கிருந்து உங்கள் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கும்.

இதே வேலையைத் தலைகீழாகவும் செய்யலாம். திரும்பி வராத பெரிய தாத்தாவைத் தேடும் தமிழ்நாட்டுக் குடும்பத்தார், நேட்டால் பட்டியலில் பெயரைத் தேடுவதற்குப் பதிலாகத் தம் தாலுகாவையும் ஊரையும் எல்லா எழுத்துவடிவங்களிலும் தேடி, அங்கிருந்து சென்ற அனைவரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அவர்களில் பலருடைய சந்ததியினர் சாதிப் பட்டத்தையோ தந்தை பெயரையோ குடும்பப் பெயராக வைத்திருப்பார்கள்: கவுண்டர் “கோவெண்டர்” ஆகியிருக்கும், முதலியார் “மூட்லி” ஆகியிருக்கும், முனுசாமி “மூன்சாமி” ஆகியிருக்கும். ரீயூனியனில் அதற்கு முன்னால் ஒரு கிறித்தவப் புனிதரின் பெயரும் சேர்ந்திருக்கும். அந்த வடிவங்களை வைத்து அங்குள்ள தமிழ்ச் சங்கங்களுக்கும் கோவில் குழுக்களுக்கும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதுங்கள். தமிழில் எழுதினால் படிக்க ஆள் இருக்கும் என்று நம்ப வேண்டாம். கடிதத்தில் கப்பல் பெயர், வந்த ஆண்டு, எண், தந்தை பெயர், உடலடையாளம் ஆகிய ஐந்தும் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். உணர்ச்சிகளை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.